முகட்டில் கட்டிய வளையம்

எனக்கு ஆறு மொழி தெரியும் என்று நான் யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் என் மனைவி குசினிக்குள் போய்ச் சிரிப்பாள். தமிழ், சிங்களம், போலிஷ், ஜெர்மன், ஆங்கிலம், பிறகு சண்டை பிடிக்கப் போதுமான அளவு ரஷ்யன். எண்ணினால் ஆறுதான் வருகிறது. அவள் சிரிப்பது எண்ணிக்கைக்கு அல்ல, நான் அதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்துவதற்கு. நிமிர்த்தினால் என்ன? இரண்டாயிரத்து ஒன்பதில் லண்டனில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அந்த ஆறில் இரண்டால்தான்.

லண்டனில் ஹரோ என்ற பகுதியில் பாதி வீடுகள் பக்கத்து வீட்டோடு ஒரு சுவரைப் பங்குபோட்டு நிற்பவை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டால் எங்கள் சனத்துக்கு இன்னும் ஓர் அறை வேண்டும். பக்கத்தில் இடமில்லை, ஆகவே மேலே போக வேண்டும். கூரையைப் பிரித்து, சரிவை நிமிர்த்தி, முகட்டுக்குக் கீழே ஓர் அறையை எடுப்பார்கள். லொஃப்ட் என்று பெயர். அந்த வேலையில் அன்றைக்குப் போலந்துக்காரரை அடிக்க ஆளில்லை. வீட்டுக்காரருக்குப் போலிஷ் தெரியாது, வேலைக்காரருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு தரப்பும் பேசுகிற ஆங்கிலம் இரண்டு தரப்புக்கும் விளங்காது. நடுவில் நான். கவுன்சில் அனுமதிப் பேப்பரையும் மரத்தையும் கூரை ஓடுகளையும் நானே பார்த்துக்கொண்டேன். ஆனால் உண்மையில் நான் விற்றது பேச்சைத்தான்.

போலிஷ் எனக்கு வந்த கதை பெரிய கதை, சுருக்கிச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மன்னாரிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட என்னை ஏஜென்சிக்காரன் மொஸ்கோ வழியாகக் கொண்டுவந்து, போலந்தின் தெற்கே ஒரு மலையடிவார ஊரில் இறக்கினான். "ரெண்டு நாளில வாறன்" என்றான். இருபது மாதம் காத்திருந்தேன். அந்த ஊர்ச் சுவாமியார் கோயில் வளவில் எனக்கு ஓர் அறை தந்தார். நான் பிறவிக் கத்தோலிக்கன். பூசைக்கு உலகம் முழுக்க ஒரே ஒழுங்கு. எந்த இடத்தில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும், அந்த இடத்துக்கு விழுகிற சொல்லைப் பொறுக்கிக்கொண்டால் போதும். ஆண்டவரே இரக்கமாயிரும் என்பதில் தொடங்கி, ஆறு மாதத்தில் சந்தையில் உருளைக்கிழங்குக்குப் பேரம் பேசுமளவுக்கு வந்துவிட்டேன்.

முதல் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முந்திய மாலை சுவாமியார் என்னை ஒரு குடும்பத்திடம் சாப்பிட அனுப்பினார். மேசையில் ஆட்களைவிட ஒரு தட்டு, எங்கள் பேச்சில் கோப்பை, கூடுதலாக இருந்தது. அந்தத் தட்டு யாருக்கு என்று கைச்சைகையால் கேட்டேன். வழியில் இருப்பவனுக்கு, எதிர்பாராமல் வருபவனுக்கு என்று அந்த வீட்டுக்காரி சொன்னாள். வருடாவருடம் வைப்பார்களாம், ஒருவரும் வந்ததில்லையாம். பிறகு என்னை அதன் முன்னால் இருத்தினாள். கெண்டை மீனும் பீற்றூட் சூப்பும் சாப்பிட்டேன். அந்தச் சூப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு எனக்கென்று ஓர் இடம் வைத்திருந்த முதல் மேசை அதுதான். சாப்பிட்டுக்கொண்டே அழுதேன், ஒருவரும் பார்க்காதது போல இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த மொழியின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது. போலிஷ், செக், ரஷ்யன், உக்ரேனியன் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், ஸ்லாவ் இனத்தின் மொழிகள். ஸ்லாவ் என்பதே 'சொல்' என்று பொருள்படும் ஸ்லோவோவிலிருந்து வந்தது என்பார்கள். சொல்லுடையவர்கள், பேசத் தெரிந்தவர்கள். ஸ்லோவோ, சொல் என்று நான் துள்ளிக் குதித்தேன். சுவாமியார் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பார்த்து, அது தற்செயல், நம்பாதே என்று என் வாயை அடைத்தார். ஆனால் நெருப்பு அவர்களுக்கும் அக்கினிக்குப் பக்கத்துச் சொல்தான், ஓகியேன். புகை, தூமத்தின் உறவான திம். விதவையை வ்தோவா என்கிறார்கள். இவை வடமொழி வழியாக நமக்குத் தெரிந்த முகங்கள். இதை நான் எங்கள் ஆட்களிடம் அவிழ்த்துவிட்டால் வேலைக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் ஒருவரும் எழும்புவதில்லை.

ஜெர்மன்காரனை அவர்கள் நியெமியெட்ஸ் என்பார்கள். நியெமி என்றால் ஊமை. நம் மொழி பேசத் தெரியாதவன், ஆகவே ஊமை. அடுத்து நான் போய் எட்டு வருடம் இருந்தது ஜெர்மனியில். அங்கே முதல் இரண்டு வருடம் நான்தான் ஊமை. பாஸ்போர்ட் கிடைத்ததும் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்பைச் சாட்டி லண்டனுக்கு வந்தேன். கொஞ்ச நாளில் போலந்தும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சேர, லண்டன் முழுக்கப் போலிஷ் கேட்கத் தொடங்கியது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருவர் தங்கள் முதலாளியைத் திட்டுவதைக் கேட்டு நான் போலிஷில் மறுமொழி சொல்ல, அவர்கள் பேயறைந்ததுபோலப் பார்த்தார்கள். என் தொழில் அந்த பஸ்ஸில் தொடங்கியது.

இனி, இரண்டாயிரத்து ஒன்பதில் நாங்கள் கூரை பிரித்த ஒரு ஹரோ வீட்டுக்கு வருகிறேன்.

வீட்டுக்கார அண்ணை மருந்துக்கடையில் மருந்தாளர். மனிதர் சாது, கேட்டதற்கெல்லாம் "ஓம், அவவிட்டக் கேளும்" என்பார். முடிவெடுப்பது அவர் மனைவி, அக்கா. ஐம்பது வயது இருக்கும். என்னைக் 'கொன்ராக்டர்' என்று கூப்பிடுவார், பாதி மரியாதை, பாதி நக்கல். எங்கள் பெண்கள் வழக்கத்தில் என்னை மாதிரி ஆளைத் தம்பி என்பார்கள். இந்த அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை ஒருவனுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

அவருடைய தம்பி வன்னியில் இருந்தான். தை மாதத்தில் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்திருக்கிறான். வைகாசியோடு யுத்தம் முடிந்தது. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்கள் கைக்குக் கை வந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொரு பட்டியலையும் மூன்று தரம் வாசித்தார். அவன் பெயர் இல்லை. சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, இனியென்ன அக்கா, கிரியையைச் செய்துவிட்டால் அவனுக்கும் ஆறுதல், உங்களுக்கும் ஆறுதல் என்றார்கள். நான் அளவெடுக்கப் போன நாளிலும் ஒருவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"கிரியை செத்தவைக்கு" என்றார் அக்கா. "என்ர தம்பிக்கு நான் அறை கட்டுறன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "ஜன்னல் தோட்டப் பக்கமா வேணும். அவனுக்கு றோட்டுச் சத்தம் ஆகாது" என்றார்.

லொஃப்டின் கதை அதுதான். பிள்ளைகளுக்கு இடம் போதாமல் எடுத்த அறையல்ல. அந்த அறை எழும்ப எழும்ப, அவன் உயிரோடு இருக்கிறான் என்று அக்கா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அதை விளங்கிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

வேலைக்கு மூன்று போலந்துக்காரர். தலைவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர், நான் இருந்த அதே மலைப்பக்கம், தலைமுறையாகக் கூரைவேலை. மற்ற இருவரும் அவரை மாய்ஸ்தர் என்பார்கள். நம்முடைய மேஸ்திரியும் அந்தச் சொல்லும் ஒரே வீட்டிலிருந்து பிரிந்து போனவை. அதிகம் பேசமாட்டார். மரத்தை வாங்கி வந்தால் முதலில் மோந்து பார்ப்பார், பிறகுதான் விலை கேட்பார்.

முகட்டு வளை என்ற உச்சி மரம் ஏறுகிற வாரம் அவர் என்னிடம் வந்து, சனிக்கிழமை வியெஹா கட்டப்போகிறேன் என்றார். வியெஹா என்பது போலந்தில் வீடு கட்டுகிறவர்களின் வழக்கம். கூரையின் மிக உயரமான மரம் ஏறியதும் அதன் உச்சியில் பச்சைக் கிளை ஒன்றை, நிற ரிப்பன் கட்டி, வைப்பார்கள். வீடு தன் உயரத்தைத் தொட்டுவிட்டது, ஒருவரும் விழவில்லை, இனி இதற்குள் ஆட்கள் வாழப்போகிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு வீட்டுக்காரர் வேலைக்காரருக்கு விருந்து கொடுக்க வேண்டும். நெல் மாதிரிப் பயிர்களின் கதிர்க்கொத்துக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்.

"வீட்டுக்கார அம்மாவிடம் ஒரு வார்த்தை கேள்" என்றார் மாய்ஸ்தர். "மற்றவர்களின் வழக்கம் நமக்குத் தெரியாது."

"கேட்கத் தேவையில்லை" என்றேன் நான். "எங்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. முகட்டு வளை ஏற்றும் நாளில் மாவிலை கட்டுவோம், தேங்காய் உடைப்போம், தச்சருக்கு வேட்டி கொடுப்போம். பார்த்ததும் பூரித்துப் போவார்."

"நான் ஒரு கிளையை வைத்துவிடுகிறேன், போதும்."

"கிளை அழகாக இராது. வட்டமாகக் கட்டுங்கள், மாலை மாதிரி. பெரிதாக. றோட்டிலிருந்து தெரிய வேண்டும்."

சொன்னது நான். இதை நான் பிறகு யாருடைய தலையிலும் கட்ட முயன்றதில்லை.

சனிக்கிழமை காலை மாய்ஸ்தர் வீட்டின் பின்வேலியில் வளர்ந்திருந்த ஊசியிலை மரத்தின் கிளைகளை வெட்டி, கம்பியில் சுற்றி, லொறிச் சக்கரத்தளவு வளையம் ஒன்றைக் கட்டினார். அவருடைய மனைவி கடதாசியில் செய்து அனுப்பிய வெள்ளைப் பூக்களும் சிவப்புப் பூக்களும் அதில் செருகினார்கள். இரண்டு நீள ரிப்பன்கள் காற்றில் தொங்கின. முகட்டில் ஏற்றிக் கட்டியதும் நான் ஸ்கஃபோல்டிங்கில் நின்று நாலு பக்கத்திலிருந்தும் படமெடுத்தேன். ஹரோவில் இப்படி ஒரு வேலை ஒருவனும் செய்திருக்க மாட்டான் என்று எனக்குள் ஒரே எழுப்பம். அக்கா கீழே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் வேலை முடிந்ததும் கூட்டிவந்து காட்டுவதாகத் திட்டம்.

அந்த றோட்டின் முடிவில் உள்ள பள்ளிக்கூடத்தில்தான் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு விடும், கார்கள் வரிசையாக இந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தக் கார்களில் இருந்த எல்லோருக்கும் அக்காவின் தம்பியைப் பற்றித் தெரியும்.

பன்னிரண்டேகாலுக்குக் கீழிருந்து ஒரு சத்தம் கேட்டது. யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பினேன், மூன்று பேரும் மேலேதான் நின்றார்கள். ஏணியில் இறங்கி ஓடினேன். முன்வாசலில் ஐந்தாறு சோடி செருப்பு. ஹோலுக்குள் தமிழ் வகுப்பு ரீச்சர் அக்காவைக் கட்டிப்பிடித்து, "என்ர அக்கா, என்னண்டு தாங்கப் போறியள்" என்று கதறிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பெண்கள் அழுதார்கள். அக்கா படியில் சரிந்து, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "தம்பி, என்ர தம்பி" என்ற இரண்டு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செய்தி வந்துவிட்டது என்று விளங்கியது. கையைக் கட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். பிறகு மேலே போய், வேலையை நிறுத்துங்கள், அம்மாவின் தம்பி இறந்துவிட்டான் என்று மாய்ஸ்தரிடம் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, பலகையில் முழங்காலிட்டு, சிலுவை அடையாளம் போட்டார். மற்ற இருவரும் முழங்காலிட்டார்கள். நானும் அவர்களோடு செபித்தேன். எங்கள் தலைக்கு மேல் ரிப்பன் படபடத்துக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மறுபடி இறங்கி வந்து, ரீச்சரின் கணவரை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"ஆர் அண்ணை கோல் எடுத்தது? முகாமில இருந்தோ?"

"எங்களுக்கு ஒருத்தரும் எடுக்கேல்லை" என்றார் அவர். "வகுப்பு முடிஞ்சு வரேக்க பாத்தம். கூரையில மலர்வளையம் வைச்சுக் கிடக்கு. செய்தி வந்திட்டுது, இவையள் அறிவிச்சிருக்கினம் எண்டு இறங்கி வந்தனாங்கள்."

எங்கள் ஆட்களுக்கு அப்படியான வட்ட வளையத்துக்கு ஒரே ஓர் இடம்தான், பிணத்தின் கால்மாடு. இது தெரியாதவனல்ல நான். போலந்திலும் கல்லறைக்கு வளையம் வைப்பார்கள், நத்தாருக்கு வாசலில் தொங்கவிடவும் செய்வார்கள். இருபது மாதம் அங்கே பழகிய கண் எனக்கு இந்த ஒரே அர்த்தத்தை மறைத்துவிட்டது. ரீச்சர் வந்து கட்டிப்பிடித்து அழுததும், தன்னிடம் சொல்ல முடியாமல் யாரோ ரீச்சரிடம் செய்தியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று அக்கா நினைத்திருக்கிறார். அழுகிறவர் அழுகிறவரைப் பார்த்து நம்பிவிட்டார்கள். நானும் நம்பினேன், நானே சொல்லி ஏற்றிய வளையத்தை.

உள்ளதைச் சொல்லவேண்டும். அந்த நிமிடத்தில் பேசாமல் என் வான் வண்டியில் ஏறிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே அக்கா அழுதுகொண்டேயிருந்தார். ஒரு முழு நிமிடம் நான் சும்மா நின்றேன். என் வாழ்நாளில் நான் வெட்கப்படுகிற நிமிடங்களில் அதுதான் முதலாவது.

பிறகு படியடியில் போய்க் குந்தினேன்.

"அக்கா, செய்தி ஒண்டும் வரேல்லை."

அவர் நிமிர்ந்து பார்த்தார். விளங்கவில்லை.

"ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை அக்கா. மேல ஒரு வளையம் கட்டினது நாங்கள். போலந்துக்காரற்ற வழக்கம், கூரை ஏறினால் கட்டுறது. அதைக் கண்டிட்டு இவையள் பிழையா விளங்கிப்போட்டினம். பிழை என்னில."

ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"செய்தி வரேல்லையோ?"

"இல்லை அக்கா."

"ஒண்டும்?"

"ஒண்டும் வரேல்லை."

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அவர் என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். எழும்பி, வெறுங்காலோடு றோட்டுக்குப் போய், அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். நானும் பின்னால் போனேன். மேலே தொப்பியைக் கையில் பிடித்தபடி மாய்ஸ்தர் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆறு பாஷை தெரிஞ்ச மனிசன்" என்றார் அக்கா, என்னைப் பார்க்காமல். "எனக்கு விளங்கிற பாஷையில ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மாய்ஸ்தரைக் கையசைத்துக் கூப்பிட்டு, நடந்ததைப் போலிஷில் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. "கேட்கச் சொன்னேனே" என்று மட்டும் சொன்னார். உடனே கழற்றுகிறேன் என்று ஏணிக்குத் திரும்பினார். அக்கா அவருடைய கையைப் பிடித்து மறித்தார்.

"அவர் அதை என்னத்துக்குக் கட்டினவர்? வடிவாச் சொல்லும். ஒண்டும் விடாமச் சொல்லும்."

சொன்னேன். கூரை ஏறினால் வேலைக்காரருக்கு வீட்டுக்காரர் சாப்பாடு கொடுக்க வேண்டும். வீடு தன் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒருவரும் விழவில்லை. இதற்குள் ஆள் வந்து இருக்கப்போகிறது.

"ஆள் வந்து இருக்கப்போகுது எண்டோ?"

"ஓம் அக்கா."

"அப்ப கழட்ட வேண்டாம்."

"சனம் பாத்தா அக்கா..."

"கேக்கிற சனத்துக்கு நான் சொல்லுவன். இனி நீர் சொல்ல வேண்டாம்."

நான் இதை மாய்ஸ்தருக்குச் சொல்ல, அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேலே ஏறி, வளையத்தின் கம்பியை ஓரிடத்தில் வெட்டி, வட்டத்தைப் பிரித்து, கிளைகளை ஒரு கொத்தாகச் சேர்த்து நிமிர்த்திக் கட்டினார். அவர் முதலிலேயே வைக்க நினைத்த மாதிரி. றோட்டிலிருந்து பார்க்க நெற்கதிர்க் கொத்துப் போல இருந்தது.

வந்தவர்களுக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை. துக்கம் கேட்க வந்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. இதுவோ துக்க வீடும் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வான் வண்டி வந்து நின்றது. செத்த வீட்டில் அடுப்பு எரியாது அல்லவா. யாரோ தொலைபேசியில் சொல்ல, பக்கத்துத் தமிழ்க் கடையிலிருந்து நூற்றைம்பது இடியப்பமும் சொதியும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் ஒரு பெரிய பிளாஸ்க் தேத்தண்ணியும் அனுப்பியிருந்தார்கள். கொண்டுவந்த பெடியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டிகளை இறக்கினான். அக்கா அந்தப் பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. அழுத முகத்தோடு, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

"கூரை ஏறினா வேலைக்காரருக்குச் சாப்பாடு குடுக்கவேணும் எண்டீர். இந்தா வந்திருக்கு. வரச் சொல்லும் அவையளை."

பின்தோட்டத்தில் மரம் அறுக்கத் தாங்கும் இரண்டு மரக்குதிரைகளின் மேல் சாரப் பலகைகளை அடுக்கி மேசை போட்டோம். கடை அனுப்பிய கடதாசித் தட்டுகளை அக்கா தொடவிடவில்லை. உள்ளே போய் நல்ல நாளுக்கென்று வைத்திருந்த, நீலக் கரை போட்ட பீங்கான் தட்டுகளைக் கொண்டுவந்தார். போலிஷில் வீட்டுக்காரியை கோஸ்போதினி என்பார்கள். அந்தச் சொல்லின் பழைய வேரில் இருப்பது விருந்தினர். விருந்தினருக்குத் தலைமை ஏற்பவள். தமிழிலும் விருந்து என்றால் முதலில் புதுமைதான், புதிதாக வந்தவர். இதை அன்றைக்கு நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று எனக்குச் சொற்பொருள் விளக்கும் யோக்கியதை இல்லை.

எல்லோரும் இருந்தார்கள். ரீச்சர் மாய்ஸ்தருக்கு இடியப்பத்தைச் சொதியில் குழைப்பது எப்படி என்று காட்டினார். அவர் அதையும் முதலில் மோந்து பார்த்தார். அந்த நேரத்தில் பின்கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணை ஓடிவந்தார். மைத்துனன் போய்விட்டான் என்று யாரோ மருந்துக்கடைக்கு அறிவித்திருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், கண் சிவந்து வந்த மனிதர், தோட்டத்தில் மூன்று போலந்துக்காரர் கையால் இடியப்பம் சாப்பிடுவதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அக்கா போய்க் காதில் ஏதோ சொன்னார். அவர் புல்லிலேயே இருந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அவரும் வந்து மேசையில் இருந்த பிறகு, மாய்ஸ்தர் எழும்பினார். அடுக்கில் மிஞ்சியிருந்த தட்டுகளில் ஒன்றை எடுத்தார். மேசைத் தலைப்பில் யாரும் இல்லாத இடத்தில் அதை வைத்து, பக்கத்தில் ஒரு கதிரையையும் இழுத்துப் போட்டார். பிறகு தன் இடத்துக்குப் போனார்.

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். ஆளில்லாத இடத்தில் தட்டு வைப்பது எங்களிடம் என்னவென்று எனக்குத் தெரியும். இறந்தவருக்குப் படைப்பது. அவருடைய கை கறிச் சட்டியின் மேல் அப்படியே நின்றது. இந்த முறை நான் ஒரு நொடியும் பொறுக்கவில்லை.

"அக்கா, இது படையல் இல்லை!" மேசையே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். "அவையின்ர நாட்டில நத்தாருக்கு ஒரு கோப்பை கூட வைப்பினம். வழியில நிக்கிறவனுக்கு. வீட்டுக்கு வந்து சேராதவனுக்கு. நான் அதில சாப்பிட்டிருக்கிறன் அக்கா. முதல் வருசம் அந்தக் கோப்பை எனக்குத்தான் கிடைச்சது."

"உமக்கோ?"

"ஓம். எங்கட வீட்டில அப்ப என்னைச் செத்துப்போனன் எண்டுதான் நினைச்சவை. எட்டு மாசம் ஒரு கடிதமும் இல்லை."

அக்கா மாய்ஸ்தரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ரீச்சர் மெதுவாக எழும்பி, இடியப்பம் இரண்டை எடுத்து அந்தத் தட்டில் வைக்கப் போனார்.

"வேண்டாம்" என்றார் அக்கா. "வெறுங்கோப்பையா இருக்கட்டும். வந்தாப் பிறகு நான் போட்டுக் குடுக்கிறன்."

அக்கா என்ன சொன்னார் என்று கேட்பது போல மாய்ஸ்தர் என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல், போலிஷில் சொன்னேன். நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதுதான் சரியானது.

அறை ஆவணியில் முடிந்தது. ஜன்னல் தோட்டப் பக்கம். அந்தக் கூரைக்கு நான் ஆயுள்கால உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன், ஒப்பந்தத்தில் இல்லாதது. ஒவ்வொரு வருடமும் கார்த்திகையில், போலந்துக்காரர் இலையுதிரி என்று பெயர் வைத்திருக்கும் அந்த மாதத்தில், கூரைத் தண்ணீர் ஓடும் பீலியில் சேர்ந்த சருகைத் துப்புரவாக்கப் போவேன். அக்கா சாப்பிடாமல் விடமாட்டார். குசினியில் தட்டு அடுக்கும் ராக்கையில், மாய்ஸ்தர் அன்று வெறுமையாக வைத்த அந்த நீலக் கரைத் தட்டு, இன்னும் ஒருவரும் சாப்பிடாமல், தனியாக, தூசி படாமல் நிற்கும். நான் அதைப் பார்க்காதது போல இருந்து சாப்பிடுவேன். எனக்கு எப்போதும் வேறு தட்டில்தான் போடுவார்.